எம்மூரிற் கொன்றை

இளவேனில் என்னும் சொல்லைக் கேட்டவுடன் புலவர் உள்ளத்திலே தென்றலும் மாந்தளிரும் குயிலின் குரலும் தோன்றும். வேலூரிலும் ஆம்பூரிலும் வாழ்வார் உள்ளத்திலோ கத்திரி வெயில் ஒன்றே தோன்றும். பாலாற்று மணல் கால் வைக்க வொண்ணாதபடி கொதிக்கும். குன்றின் பாறைகள் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் உமிழும். அத்தகைய சித்திரைத் திங்களில், புல்லும் கருகிக் கிடக்கும் போழ்தில், தன் இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டுக் கிளைதோறும் பொற்சரங்களைத் தொங்கவிட்டு நிற்கும் மரம் ஒன்றுண்டு. அதுவே கொன்றை. அம்மரத்தை இல்லத் தோட்டத்தில் வளர்க்கும் முறையினையும், தோல் பதனிடும் தொழிலாற் பெயர்பெற்ற இந்நிலப்பகுதியில் அதனை வளர்ப்பதிலுள்ள இடர்ப்பாட்டினையும் யாம் பட்டறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

கொன்றை எனப் பெயர்பெற்ற மரங்கள் இந்நாளிற் பல. சாலையோரங்களிற் செந்தீயெனப் பூத்து நிற்கும் மரத்தை மயிற்கொன்றை என்பாரும் உளர். அது மடகாஸ்கர் தீவினின்று வந்த குல்மொஹர் ஆகும். யாம் கூறுவது நம் நாட்டுக்கே உரிய சரக்கொன்றை. இதற்குக் காசியா பிஸ்டுலா என லின்னேயஸ் என்னும் அறிஞர் 1753ஆம் ஆண்டிற் பெயரிட்டார். கேரளத்தார் இதனைக் கணிக்கொன்றை எனப் போற்றி விஷுத் திருநாளில் இதன் மலர்முன் கண்விழிப்பர். அவர்தம் மாநில மலரும் இதுவே. தாய்லாந்து மக்களும் இதனைத் தம் நாட்டு மலராகக் கொண்டுள்ளனர். நம் ஜவ்வாது மலைச்சாரலில் இது நடுவார் இன்றித் தானே வளர்கின்றது.

நன்கு வளர்ந்த கொன்றை 30 அடி முதல் 50 அடி வரை உயரும். பூஞ்சரம் ஒரு முழ நீளம் தொங்கும். ஒவ்வொரு பூவிலும் ஐந்து மஞ்சள் இதழ்களும் பத்து மகரந்தத் தாள்களும் உள. அவற்றுள் மூன்று மட்டும் நீண்டு கொக்கிபோல் வளைந்திருக்கும். மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டு இப்பூக்களை நாடி வந்து, முரலும் அதிர்ச்சியாலே மகரந்தத்தை உதிர்த்துக்கொள்ளும். காய் உருண்டு நீண்ட குழல் போன்றது. ஓரடி முதல் இரண்டடி வரை நீளும். முற்றிக் கருநிறம் அடைவதற்கு ஏறக்குறைய ஓராண்டு செல்லும். அதனைப் பிளந்து நோக்கின், காசு அடுக்கினாற்போலச் சிறு சிறு அறைகளும், அறைக்கொரு விதையும், விதையைச் சூழ்ந்து கரிய இனிய சதையும் காணலாம். அச்சதை பேதிமருந்தாய் மருத்துவராற் கொள்ளப்படுவது. ஆதலின் இனிப்பை நம்பிச் சிறுவர் தின்னாதவாறு காத்தல் வேண்டும்.

தமிழ் பயில்வார்க்கு இம்மரத்தைப்பற்றி ஓர் ஐயம் எழும். சங்கச் செய்யுட்களிற் கொன்றை முல்லைத்திணைக்கு உரியது, கார்காலத்தில் மலர்வது. மழை வருமுன் மீள்வேன் எனக் கூறிப் பிரிந்த தலைவன் வாராதிருக்க, கொன்றை பூத்தது கண்டு தலைவி கலங்குகின்றாள். தோழி அவளைத் தேற்றுவாளாய், இது கார் அன்று. காலமல்லாக் காலத்துப் பெய்த புதுமழையைக் கார் என மயங்கிக் கொன்றை மரங்கள் அறியாமையாற் பூத்துவிட்டன என்கின்றாள். இங்ஙனம் ஒரு செய்யுள் குறுந்தொகையில் உள்ளது. நம்மூர்க் கொன்றையோ சித்திரை வைகாசியிற் பூக்கின்றது. இரண்டும் எங்ஙனம் பொருந்தும்?

மரத்தை அருகிருந்து நோக்கினார்க்கு இது பெருமுரணாகத் தோன்றாது. கொன்றையின் பெரும்பூப்பு வேனிற்கண்ணதே. ஆயினும் கோடைமழை ஒன்று பெய்யின் சரங்கள் மிகும். ஆவணி புரட்டாசி மழைக்குப் பின்னரும் சில மரங்கள் மறுமுறை சில சரங்கள் விடுதலைக் காணலாம். வறட்சியில் இலையுதிர்த்து, நீரின் வரவறிந்து பூப்பது அதன் இயல்பு. மரத்தின் பேதைமை என்று தோழி கூறியது ஒரு வகையில் மரத்தின் நம்பிக்கையே ஆகும். அந்நம்பிக்கை நம்மூரில் எங்ஙனம் பிழைபட்டது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இவ்விடத்து நம் நிலப்பகுதிக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றைக் குறியாது விடுதல் தகாது. அக்குறுந்தொகையை 1915ஆம் ஆண்டில் முதன்முதற் பதிப்பித்தவர் வாணியம்பாடியில் தமிழாசிரியராயிருந்த சௌரிப்பெருமாள் அரங்கனார் ஆவர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பு 1937இல் வந்தது. கொன்றையின் பேதைமையைப் பாடிய நூலைத் தமிழுலகுக்குத் தந்த ஊர், தோல் மண்டிகளுக்கு இடையே அமைந்த ஊரே என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்வார்களாக.

தோலுக்கும் கொன்றைக்கும் உள்ள தொடர்பு இதனோடு முடிவதன்று. கொன்றைக்கு நெருங்கிய உறவுடைய செடி ஆவிரை. இரண்டையும் நிலைத்திணை நூலார் நெடுங்காலம் ஓரினமாகவே வைத்திருந்தனர். ஆவிரையை இப்போது சென்னா என்னும் இனத்திற் சேர்த்துள்ளனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மகளிர் குவித்த மலர்களாக இவ்விரண்டனையும் எண்ணுகின்றார். மடலேறுவோன் சூடும் மலராகவும் ஆவிரை பேசப்படும். அவ்வாவிரையின் பட்டையே தென்னாட்டுத் தோல் தொழிலை வளர்த்தது. அதில் தோலைக் கெடாது இறுகச் செய்யும் துவர்ப்பொருள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு உண்டு. புன்செய்க் காடுகளில் ஆவிரையை வெட்டிப் பட்டையை உரித்து உலர்த்திக் கட்டுக்கட்டாய்த் தோற் சாலைகளுக்குக் கொண்டுவந்தனர். கொன்றைப் பட்டையும் அத்தொழிலிற் பயன்பட்டதுண்டு. முதல் உலகப்போரை அடுத்துத் தென்னாப்பிரிக்காவினின்று வாட்டில் என்னும் வேல மரப்பட்டை மிகுதியாய் வரத் தொடங்கவே, ஆவிரையின் தேவை படிப்படியாகக் குறைந்தது. பின்னர்க் குரோமிய உப்பினாற் பதனிடும் முறை பரவிற்று. பட்டைக்குப் பல வாரம் செல்லும் வேலையை அது ஒரு நாளில் முடித்துவிடும்.

எம் பாட்டனார் தம் இளமையிற் பட்டைத் தொட்டியில் வேலை செய்தவர். முழங்கால் வரை செந்நீரில் நின்று தோலைப் புரட்டியவர். எம் தந்தையார் ஈட்டுவதும் தோல் தொழிலில் வரும் ஊதியமே; எம் கல்லூரிச் சம்பளமும் அதனினின்று வந்ததே. ஆகவே கீழ்வருவனவற்றை அத்தொழிலைப் பழிக்கும் கருத்தொடு எழுதினோம் அல்லேம்.

இனி வளர்க்கும் முறையைக் கூறுவாம்.

கொன்றையை விதையால் வளர்த்தல் எளிது. ஆனால் விதையின் இயல்பறியாதார்க்கு அரிது. மாசி பங்குனியில் மரத்தடியில் வீழ்ந்த கரிய காய்களைத் திரட்டி, உடைத்து, விதைகளைக் கழுவி உலர்த்தல் வேண்டும். யாம் முதன்முறை அவ்விதைகளை அப்படியே மண்ணிற் புதைத்து நாள்தோறும் நீர் தெளித்துக் காத்திருந்தோம். இரு திங்கள் சென்றும் ஒன்றேனும் முளைத்திலது. தோண்டிப் பார்த்தபோது, விதைகள் இட்டபடியே பளபளப்புக் குறையாமற் கிடந்தன. அவற்றின் மேலோடு நீர் புகாவண்ணம் அத்துணை வன்மையுடையது. காட்டில் நரியும் கரடியும் குரங்கும் காயைத் தின்று விதையைப் பரப்பும். வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்க அம்மேலோடு நாளடைவில் நெகிழும். அவ்வேலையைத் தோட்டத்தில் நாமே செய்தல் வேண்டும். விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளிலோ கருங்கல்லிலோ உள்ளிருக்கும் வெண்மை சிறிது தோன்றுமளவும் தேய்க்கலாம்; அன்றேல், கொதித்த நீரை அடுப்பினின்று இறக்கி அதில் விதைகளை இட்டு, ஆறியபின் ஓரிரவு ஊறவிடலாம். காலையிற் பருத்திருப்பனவே விதைத்தற்குரியன. பருக்காதனவற்றை மீண்டும் தேய்த்து ஊறவிடுக.

செம்மண், மணல், மக்கிய சாணவெரு மூன்றனையும் சமமாய்க் கலந்து பையில் நிரப்பி, அரையங்குல ஆழத்தில் விதையை ஊன்றுக. ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளை தோன்றும். முதலாண்டில் மேல் வளர்ச்சி மெல்லவே நிகழும். அதற்காக மனந்தளர வேண்டா. வேர் ஆழ இறங்கும் இயல்பினதாதலின், கன்றைப் பையிலே நெடுநாள் வைத்திருத்தலும், நட்டபின் இடம் மாற்றுதலும் தகா. ஓரடி உயர்ந்ததும் நடுக.

நடுமிடம் நாள் முழுதும் வெயில் படுவதாயும் நீர் தேங்காததாயும் இருத்தல் வேண்டும். வீட்டுச் சுவரினின்று 15 அடியேனும் விலகியிருத்தல் நன்று. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடியாகக் குழி எடுத்துச் சில நாள் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணோடு எருக் கலந்து நிரப்பி நடுக. ஆடு மாடுகள் கொன்றையிலையைப் பெரிதும் விரும்புவதில்லை. ஆயினும் மிதித்தற்கும் முறித்தற்கும் அஞ்சி முள்வேலி இடுதல் வேண்டும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சி இலையில் முட்டையிட, பச்சைப் புழுக்கள் தோன்றி இளங்கன்றை மொட்டையாக்குதலும் உண்டு. கன்று சிறிதாயின் புழுவைக் கையாற் களைந்து விடுக. மரம் பெரிதாயபின் அவற்றிற்கும் சில இலைகள் உரியன என்று விட்டுவிடுக.

இவையெல்லாம் எந்நாட்டிற்கும் பொருந்தும். நம்மூரிற்கே உரிய இடர்ப்பாடு நீரில் உள்ளது.

யாம் முதலில் முளைக்கவைத்த கன்றைத் தைத் திங்களில் நட்டு, எம் இல்லக் கிணற்று நீரை ஒருநாளும் தவறாது ஊற்றி வந்தோம். எம் வீடு பாலாற்றங்கரையை அடுத்தது. மாசியில் இலைகளின் ஓரம் தீய்ந்தது. நீர் போதவில்லை என்று எண்ணி இருமடங்கு ஊற்றினோம். பங்குனியில் இலை நுனியினின்று நடுநரம்பு வரை பழுப்பேறி உதிர்ந்தது. தண்டைச் சுற்றிய மண் வெண்மையாய் உப்புப் பூத்தது. மரம் பூக்குமென்று நட்ட இடத்தில் மண்ணே பூத்தது கண்டு திகைத்து நின்ற எம்மை நோக்கிப் பாட்டனார், “நாமே குடிக்காத தண்ணியைச் செடி மட்டும் குடிக்குமாப்பா?” என்றார். உண்மையே. அக்கிணற்று நீரை எம் வீட்டார் பாத்திரம் துலக்குதற்கன்றிப் பிறிதொன்றற்கும் கொள்வதில்லை. குடிநீர் குடத்திற் பிறவிடத்திருந்து வருகின்றது. இதனை நாள்தோறும் கண்டிருந்தும் எமக்கு அறிவு தோன்றவில்லை. சித்திரை பிறக்குமுன் கன்று பட்டுப்போயிற்று.

அதன் காரணத்தைப் பின்னர்ப் படித்தறிந்தோம். உரித்த தோல் அழுகாதிருக்க அதன்மேல் கறியுப்பு இடுவர். பதனிடத் தொடங்குமுன் தோலை நீரில் ஊறவைக்க, அவ்வுப்பெல்லாம் நீரிற் கரையும். கழிவுநீரின் பிற அழுக்குகளை நுண்ணுயிர்களாற் போக்கலாம். கரைந்த உப்பு அவ்வாற்றாற் போவதன்று. அதனைப் பிரித்தெடுக்கத் தனிப்பொறிகளும் பெரும்பொருளும் வேண்டும். பிரிக்காது விட்ட நீர் நெடுங்காலம் நிலத்திலும் ஆற்றிலும் பாய்ந்தது. உப்பு மிக்க மண்ணில் வேரானது நீரை ஈர்க்கவியலாது; ஈரத்தின் நடுவே நின்றும் செடி விடாய் கொள்ளும். யாம் இருமடங்கு ஊற்றிய நீர் இருமடங்கு உப்பேயன்றி வேறன்று.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் இதுபற்றி 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பு வழங்கப்பட்டது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஒரு பகுதியாகவோ முற்றிலுமோ பயிரிடுதற்கு ஆகாததாயிற்று என்றும், ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகின்றது என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கின்றது. கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது அதனாலேயாம். நம் ஊர்களின் கிணறு ஒன்று இந்தியா முழுமைக்கும் சட்டம் கற்பித்தது எனலாம். ஆயினும் நிலத்தடியில் இறங்கிய உப்புத் தீர்ப்பினால் ஒரே நாளில் ஏறி வருவதன்று.

ஆதலின் இப்பகுதியிற் கொன்றை நடுவோர் முதலிற் செய்யத்தக்கது, தம் நீரை ஆய்வுக்கூடத்திற் கொடுத்து அறிதலே. நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.75 டெசிசீமன்ஸ் அளவிற்கு உட்பட்டதாயின் அச்சமின்றி ஊற்றலாம், 2.25ஐ மிஞ்சிற்றாயின் இளங்கன்றிற்கு அந்நீர் ஆகாது. ஆகாதெனின் மரம் வளர்க்கும் ஆசையை விடவேண்டுவதில்லை, மழைநீர் உண்டு. நூறு சதுர அடிக் கூரைமேல் ஓரங்குல மழை பெய்யின் ஏறக்குறைய 230 லிட்டர் நீர் கிடைக்கும். கன்று ஒன்றிற்கு வாரம் 10 லிட்டர் என வைப்பின், தை முதல் ஆனி வரை 26 வாரத்திற்கு வேண்டுவது 260 லிட்டரே. கொடுங்கோடையிற் சிறிது மிகுத்து ஊற்றினும் 200 லிட்டர்ப் பீப்பாய் இரண்டு போதும். அவற்றின் வாயைக் கொசு புகாவண்ணம் துணியால் இறுகக் கட்டுக. கன்றின் அடியைச் சருகினாலும் வைக்கோலினாலும் மூடின் ஈரம் நிலைக்கும்.

நடும் பருவத்தையும் மாற்றுதல் வேண்டும். தையில் நடாது, ஐப்பசி மழையில் நடுக. அம்மழை மேல்மண்ணின் உப்பைக் கழுவிக் கீழிறக்கும். வேரும் வெயில் வருமுன் ஊன்றிக்கொள்ளும். கன்றினைச் சிறு மேட்டின்மேல் நடின் உப்பு நீர் அடியிலே தேங்காது. யாம் இரண்டாம் கன்றை இவ்வாறே நட்டோம். முதல் இரண்டு கோடையும் பாட்டனாரே பீப்பாயினின்று முகந்து அளந்து ஊற்றினார். ஒருகாலத்தில் மரப்பட்டையில் ஊறிய கை மரத்துக்கு நீர் வார்த்தது. நட்டு மூன்றாண்டு ஆயின. மரம் இப்போது எம் வீட்டுக் கூரையை எட்டியுள்ளது. இலைகளின் ஓரம் பசுமையாகவே உளது. இன்னும் பூத்திலது. விதையினின்று வளர்ந்த கொன்றை பூத்தற்குப் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டாண்டு செல்லும். ஒவ்வோர் ஈஸ்டர் விடுமுறைக்கும் வீடு செல்லும்போது பாட்டனார் எம்மை முதலில் அம்மரத்தடிக்கே அழைத்துச் செல்கின்றார். கிளைக் கவடுகளை இருவரும் அண்ணாந்து நோக்கிப் பின் ஒன்றும் பேசாது உள்ளே போகின்றோம்.

கல்லூரி நண்பர்களுக்கு ஒன்று கூறி இதனை முடிப்போம். நம் கல்லூரி வளாகத்திலும் கொன்றை நடலாமே என்று கேட்பீர்களாயின், நடலாம், நடவும் வேண்டும். ஆனால் அது பூக்கும் காலம் நாம் தேர்வெழுதி ஊர் செல்லும் காலம். பட்டப்படிப்போ மூன்றாண்டு, மரம் பூப்பதோ அதன் பின்னர். ஆகவே நட்டவர் அதன் பூவை இவ்விடத்துக் காண்பது அரிது. வெயிலிற் பெருக்க வரும் தோட்டக்காரரும், அலுவலகத்திற் சேர்க்கைக்காக வந்து நிற்கும் புதிய மாணவரும் அவர்தம் பெற்றோருமே காண்பர். முன்னாள் மாணவர் ஒருவர் தம் மகனையோ மகளையோ சேர்ப்பிக்க வந்து, அதன் நிழலில் ஒரு நாழிகை நிற்றலும் கூடும். அது போதும் அன்றோ?

வரும் பங்குனியில் ஜவ்வாது மலைப்புறம் செல்வோர் கரிய காய் நான்கு கொண்டு வருக. அவற்றை உடைக்கவும் தேய்க்கவும் ஊறவைக்கவும் யாம் உடனிருந்து உதவுவோம். ஐப்பசியில் நடுவதற்கு ஒரு குழியும், மழைநீர் பிடிக்க இரண்டு பீப்பாயும் வேண்டும்.